பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆள்

வேலைக்கு எடுக்கும்போது அந்த டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு விஷயத்த வெளிய சொல்லாம உங்களால இருக்க முடியுமா?" என்பதுதான். டைப் அடிக்கத் தெரியுமா, மோட்டார்சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது. முடியும் என்றேன். ஒரு பாரத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மனசுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் அது தொண்ணூறுகளின் கடைசி. நான் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் எங்கள் ஷிஃப்ட்டையே எடுத்துவிட்டிருந்தார்கள். உறுத்தலுக்கெல்லாம் காது கொடுக்கிற நிலையில் நான் இல்லை.

டாக்டர் என்றால் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர். கோலாலம்பூர்க்காரர், தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது மூன்று மொழியும் கலந்து வரும். அவருடைய ஆராய்ச்சி, பார்க்கிறவர்களோடு பேசுகிற தொலைக்காட்சியைப் பற்றியது. டிவி இதுவரைக்கும் ஒரு வழிப் பாதையாகவே இருந்துவிட்டது, இனிமேல் நாம் கேட்பதற்கு அது பதில் சொல்லும், கையில் இருக்கிற ஹேண்ட்போனும் வீட்டில் இருக்கிற டிவியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்றார். அந்தக் காலத்தில் ஹேண்ட்போன் எல்லாம் கான்ட்ராக்டர்கள் இடுப்பில்தான் இருக்கும். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்படி ஒரு டிவி வந்தா சாதாரண ஜனங்க அத எப்படிப் பயன்படுத்துவாங்க? அதுதான் நமக்குத் தெரியணும். ஆனா அந்த கம்ப்யூட்டர் இன்னும் தயாராகல. அதனால கம்ப்யூட்டர் மாதிரி நீங்க பதில் சொல்லுவீங்க."

"யாருக்கு?"

"ஜனங்களுக்குத்தான். அவங்களுக்குத் தெரியக்கூடாது. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா வேற மாதிரி நடந்துக்குவாங்க. இது உலகம் பூரா செய்யிற முறைதான்லா, பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் வரும்.

மலாக்காவில் ரெம்பியாவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. டாக்டர் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு நானும் ஒரு காரணம் என்று பிறகுதான் புரிந்தது. பன்னிரண்டு வயது வரை நான் அங்கேதான் இருந்தேன். அப்பாவுக்கு நகராட்சியில் வேலை கிடைத்த பிறகுதான் டவுனுக்கு வந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஆறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் டிவி மேல் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்கு ஒரு போன் லைன், கூடவே இரவலாக ஒரு ஹேண்ட்போன். பாட்டு, சமையல், மருத்துவக் குறிப்பு என்று நிகழ்ச்சிகள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே ஒரு சிடி தட்டில் இருக்கும். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓடும். நடுவில் திரையில் ஒரு கேள்வி வரும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஒன்று, பச்சையை அழுத்தினால் இன்னொன்று. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஹேண்ட்போனில் எழுதி அனுப்பலாம், கொஞ்ச நேரத்தில் டிவி திரையின் அடியில் பதில் ஓடும்.

அந்தப் பதிலை ஓட்டுகிற ஆள் நான். பக்கத்து டவுனான அலோர் காஜாவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எங்களுக்கு ஒரு அறை. என் முன்னால் ஒரு கம்ப்யூட்டர், ஆறு வீட்டுக்கும் ஆறு பச்சை விளக்குகள் திரையில், பெட்டி ஓடுகிற வீட்டு விளக்கு எரியும். பக்கத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்த பதில் புத்தகம். அதில் இருப்பதை மட்டும்தான் அடிக்க வேண்டும். இல்லாததைக் கேட்டால், 'மன்னிக்கவும், இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை' என்று மலாயில் ஒரு வரி. வருகிற எழுத்து, போகிற எழுத்து எல்லாமே தானாகவே காகிதத்தில் அச்சாகி விழும். வாரம் ஒருமுறை டாக்டர் அதை ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்.

பெட்டி வைப்பதற்கு முன்னால் தோட்டத்து ஆட்களைக் கோயில் கொட்டகையில் கூட்டிப் பேசினோம். கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தைப் பார்த்ததுமே முகங்கள் இறுகிவிட்டன.

"போன தடவை கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டோம். அடுத்த மாசமே பிள்ளைங்கள பாத்துக்கிற ஆயாக் கொட்டகைய மூடிட்டாங்க" என்றார் ஒருவர்.

"தோட்ட ஆபிஸ்ல பெர்மிஷன் குடுத்துட்டாங்களாமே. நமக்கு நல்லதுக்குன்னா ஆபிஸ்ல குடுப்பாங்களா?" என்றார் இன்னொருவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, நான் யார் வீட்டுப் பிள்ளை, எந்த லயத்தில் இருந்தோம் என்று சொன்னேன். அப்பாவைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். "இவ நம்ம தோட்டத்துப் பொண்ணுதானே" என்று ஒரு குரல் வந்தது. அன்றைக்கே ஆறு கையெழுத்தும் கிடைத்தன. திரும்பி வரும்போது டாக்டர், "ரொம்ப நல்லா பேசினீங்க" என்றார். எனக்குத்தான் பாராட்டு இனிக்கவில்லை.

அந்த ஆறு வீட்டில் மூன்றாவது வீடு ஓர் அக்காவுடையது. நாற்பது வயது, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். கணவர் சிங்கப்பூரில் வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் மோட்டாரில் போய் ஆறு வீட்டிலும் தட்டு மாற்றிவிட்டு வருவேன். அன்றைக்கு மட்டும் பெட்டிக்கு லீவு. முதல் வியாழக்கிழமை அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது பெட்டிமேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"என்னக்கா இது, குளிருதா அதுக்கு?"

"அந்தச் சிவப்பு லைட்டு என்னையே பாக்குது. துணி மாத்தக்கூட கூச்சமா இருக்கு. உண்மையச் சொல்லு தங்கச்சி, அதுக்குள்ள கண்ணு இருக்கா?"

"கண்ணெல்லாம் இல்லக்கா. வெறும் மிஷின்."

கண் இல்லை என்பது உண்மைதான். பெட்டிகளைப் பொருத்திய டெக்னிஷியன் என் முன்னாலேயே ஒரு பெட்டியைத் திறந்து காட்டியிருந்தார், நான்தான் காட்டச் சொன்னேன். ஆனால் அக்காவின் கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது வாரத்திலிருந்து அக்கா எழுத ஆரம்பித்தார். முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, மலாயில். பிறகு தமிழையே ஆங்கில எழுத்தில். ஹேண்ட்போனில் ஓர் எழுத்துக்கு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்த காலம் அது. அப்படி ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி அவர் அனுப்பியதெல்லாம் என் திரையில் வந்து விழும். சின்னவளுக்குத் தலையில் புண், என்ன போடுவது? பதில் புத்தகத்தில் இருந்தது, அனுப்பினேன். அடுத்த வாரம் இப்படி வந்தது: 'சிங்கப்பூர்ல ஒரு ஆளு எங்க இருக்காருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூணு மாசமா தகவல் இல்ல.'

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். புத்தகத்தில் இதற்கு ஒன்றும் இல்லை. மன்னிக்கவும், இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வியாழக்கிழமை அக்கா டீ போட்டுக் கொடுத்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "அண்ணன் வந்தாராக்கா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் என்னையே கடிந்துகொள்கிறேன்.

"போன வாரம்தான் வந்துட்டுப் போனாரு" என்றார் அக்கா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அந்தக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேருமே பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அவருடைய பொய் எனக்குத் தெரியும், என்னுடையது அவருக்குத் தெரியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். மூன்று நாள் பெட்டி ஓடவில்லை. வியாழக்கிழமை எப்படியோ எழுந்து, இருமிக்கொண்டே தட்டு மாற்றப் போனேன்.

"என்ன தங்கச்சி, மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு?"

"காய்ச்சல்க்கா. திங்கக்கிழமையிலேர்ந்து."

"திங்கக்கிழமையிலேர்ந்தா?"

ஆமாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தார். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. வீடு கட்டுகிற கம்பெனி வாங்குகிறதாம், அளக்கிற ஆட்கள் வந்து கம்பு நட்டுவிட்டுப் போனார்களாம். ஆறு வீட்டிலிருந்தும் அதே கேள்விகள்தான் வந்துகொண்டிருந்தன. விற்கிறார்களா? யார் வாங்குகிறார்கள்? எங்களுக்கு வீடு உண்டா? ஆறு வீட்டுக்கும் அதே மன்னிக்கவும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவிடமிருந்து நீளமாக ஒன்று வந்தது. வரும் ஞாயிறு கோயில் கொட்டகையில் எல்லோரும் கூடிப் பேசப் போகிறார்கள், யூனியன்காரர் ஒருவர் வருகிறார், வீடு கேட்டு மனுக் கொடுக்கப் போகிறார்கள், ஆபிஸுக்கு இன்னும் தெரியாது, இப்படிக் கேட்க எங்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? அச்சு மிஷின் அதையும் கர்ரென்று காகிதத்தில் அடித்துத் தள்ளியது.

மறுநாள் காலையில் சைக்கிள் கடை வாசலில் ஒரு நான்கு சக்கர வண்டி நின்றது. கதவில் தோட்டத்தின் பெயர். மேலே ஏறிப் போனால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டரோடு தோட்டத்து அதிகாரி உட்கார்ந்திருந்தார். பேசுவது கேட்கவில்லை. டாக்டர் முன்னால் எங்கள் ஃபைல் இருந்தது. அரைமணி நேரம் கழித்து அதிகாரி எழுந்து வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. என்னைப் பார்த்து, "எல்லாம் ஓகேவா?" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஒரு நல்ல பதில் வரும், அதை நான் நம்பமாட்டேன் என்று தோன்றியது. அன்று முழுக்க அந்த உறையே கண்ணுக்குள் நின்றது. கோயில் கொட்டகையில் நான் எழுந்து நின்று அப்பா பெயரைச் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது.

சாயங்காலம் பெட்டி ஓட ஆரம்பித்ததும், மூன்றாவது வீட்டுக்கு மட்டும் நான் ஒரு வரி அடித்தேன். புத்தகத்தில் இல்லாத வரி, தமிழில், ஆங்கில எழுத்தில்: 'இதுல எழுதாதீங்க. எழுதுறத எல்லாம் ஆளுங்க படிக்கிறாங்க.' அனுப்பிவிட்டு, அச்சான காகிதத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் திணித்தேன்.

பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் முதல் வீட்டு விளக்கு அணைந்தது. அடுத்து ஐந்தாவது. நான்காவது. அக்கா வீடு வீடாக நடந்து போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்படியே தெரிந்தது. கடைசியில் ஒரே ஒரு பச்சை மட்டும் மிச்சம், அது அவருடைய வீடு. அதுவும் போய்விடும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது எழுத்து வந்தது.

'காய்ச்சல் விட்டுருச்சா தங்கச்சி?'

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். பதில் அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த விளக்கும் போனது.

மறுநாள் டாக்டர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆறு வீடும் ஒரே நேரத்துல எப்படி ஆஃப் ஆகும்? என்ன பண்ணீங்க?"

கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். படித்தார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"ஏன்?"

"நேத்து அந்த ஆளுகிட்ட என்ன குடுத்தீங்க, டாக்டர்?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆங்கிலத்தில் ஒரு கடிதம், அதன் நகல். தோட்ட நிர்வாகம் கேட்டபடி மக்களுடைய செய்திகளைத் தர இயலாது, அவை ஆராய்ச்சிக்கு வெளியே யாருக்கும் காட்டப்படமாட்டா என்று இருந்தது. தேதி முந்தின நாள் தேதி.

"அந்த உறைக்குள்ள இருந்தது இதுதான். நம்புறீங்களா?"

"தெரியல, டாக்டர்" என்றேன்.

அந்தக் கடிதம் உண்மையிலேயே அந்த உறைக்குள் போனதா, அல்லது ஆறு விளக்கும் அணைந்த பிறகு உட்கார்ந்து தேதி போட்டு அடித்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் நல்லவர் என்றே பல நாள் நினைக்கிறேன். சில நாள் நினைப்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஆட்கள் போனபோது கொட்டகையில் புதுப் பூட்டு தொங்கியது. ஆனால் கூட்டம் நடக்கப்போவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பேசுகிற வாய் எத்தனையோ. அவர்கள் பூட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றே பேசி மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை பெட்டிகளைத் திரும்ப எடுக்கப் போனோம். உண்மையை எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும், இந்த மாதிரி ஆராய்ச்சியில் கடைசியில் அதைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது என்றார் டாக்டர். பயத்தோடுதான் நான் கூடப் போனேன். அவரும் நேராகவே சொன்னார். "பதில் சொன்னது கம்ப்யூட்டர் இல்ல. இவங்கதான்."

யாரோ கெக்கலிப்பாகச் சிரித்தார்கள். "நாங்க அப்பவே சொன்னோம்ல, உள்ள ஆளு இருக்குன்னு" என்றார் ஒருவர். டாக்டர் மன்னிப்புக் கேட்டார். சிலர் பரவாயில்லை என்றார்கள். நான் தலை நிமிரவே இல்லை.

அக்கா தன் வீட்டுப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். வயரையெல்லாம் சுற்றி, ஹேண்ட்போனை மேலே வைத்து, என் கையில் கொடுத்தார்.

"நீதான்னு எனக்குத் தெரியும். காய்ச்சல்ல நீ படுத்ததும் அதுவும் படுத்துருச்சே. நம்ம பொண்ணுதானேன்னுதான் கூட்டத்தப் பத்திக்கூட எழுதினேன்."

"அக்கா, நான் வேணும்னு..."

"எழுதாதீங்கன்னு சொன்ன பாரு, அது நல்ல காரியம். அதுக்கு உனக்குப் புண்ணியம். ஆனா மிஷின்தானேன்னு நெனச்சுத்தான் நான் வீட்டுக்காரரப் பத்தி எழுதினேன். என் கூடப்பொறந்த தங்கச்சிகிட்டகூட அதச் சொல்லல. நீ எல்லாத்தையும் படிச்சிட்டு, வந்து உக்காந்து டீ குடிச்சிட்டு, அண்ணன் வந்தாரான்னு என்கிட்டயே கேட்ட."

அவர் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. நான் மன்னிச்சிருங்கக்கா என்றேன். அவர் திரும்பி உள்ளே போனார். பெட்டியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. டாக்டர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார், நான் அழுவது தெரியாத மாதிரி.

அந்த வேலையை அத்தோடு விட்டேன். மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபிஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். டாக்டர் ஆராய்ச்சியை வேறு ஊரில் வைத்து முடித்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் மலாக்காவில் நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் அக்கா நின்றார். என் அப்பாவிடம் விலாசம் கேட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தோட்டம் விற்றாகிவிட்டது, புதுக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது என்றார்.

"நீ வக்கீல் ஆபிஸ்ல இருக்கியாமே. படிச்சுச் சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு."

உட்கார்ந்து வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். வேலை செய்கிற ஆளுக்கு ஒன்று இல்லை, குடும்பத்துக்கு ஒரு வீடு. இத்தனை மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். புது வீடு தயாராகும் வரை எங்கே இருப்பது என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு பேச்சும் இல்லை, அதைக் கேட்டு எழுதுங்கள் என்றேன்.

நான் முடித்ததும் அவர் தன் பையைத் திறந்து, மடித்த இன்னொரு தாளை எடுத்தார். அதே கடிதத்துக்கு வேறு யாரோ தமிழில் எழுதிக் கொடுத்த விளக்கம். அதை மடியில் விரித்து, விரலை வைத்து, நான் சொன்னதோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப்பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க நீ என்ன சொன்ன?" என்று கேட்டார். திரும்பச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரியாத்தான் சொல்லியிருக்க."

தோட்டத்து ஆட்கள் அதைக் கேட்டு எழுதினார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு ரெம்பியா பக்கம் அவர்களுக்கு வீடு கிடைத்தது. சின்ன வீடுதான், ஆனால் அக்காவுக்குக் கிடைத்தது அவர் பெயரிலேயே. அதற்கிடையில் இன்னும் மூன்று கடிதங்களோடு அக்கா என்னைத் தேடி வந்தார். மூன்று தடவையும் நான்தான் படித்துச் சொன்னேன். மூன்று தடவையும் அவர் பையில் இன்னொரு தாள் இருந்தது.